கண்ணகை அம்மன் வீதியில் முளைத்த யாழ் நூல்

முத்தமிழ் முனிவர் சுவாமி விபுலானந்தர் (1892 – 1947)

ஈழத் திருநாட்டின் கிழக்குக் கரையில், கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்துள்ள பழம்பெரும் சைவக் கிராமம் காரைதீவு. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவிலே கண்ணகை அம்மன் கோயில். இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் இவ்வூர் அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாயிருந்தது. இங்கே சாமித்தம்பியார், கண்ணம்மையார் தம்பதியினருக்கு 1892 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆந் திகதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் முருகப் பெருமானின் நாமத்தால் மயில்வாகனன் என்று அழைத்தனர். அந்தக் குழந்தையே பிற்காலத்தில் தமிழுலகம் போற்றும் சுவாமி விபுலானந்தராகி, மறைந்துபோன யாழிசையை ஆராய்ந்து யாழ் நூல் என்னும் பெருநூலைத் தந்தது.

யாழ் என்னும் இசைக்கருவி பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்துபோனது. அதை வாசிப்பாரும் இல்லை, செய்வாரும் இல்லை. பெயர் மட்டும் பழைய நூல்களில் எஞ்சியிருந்தது. அப்படிப்பட்ட ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும் என்ற தாகம் கடற்கரைக் கிராமமொன்றில் பிறந்த ஒருவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய வரலாற்றைப் படிப்பவர்கள் அவர் கற்ற கல்லூரிகளையும் பெற்ற பட்டங்களையும் எண்ணிப் பார்ப்பது வழக்கம். அவற்றுக்கு முன்னே அவர் பிறந்த ஊரையும், அவ்வூர்க் கோயிலையும், அந்நாட்டு வாவியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மன் கதை கேட்டு வளரும் ஊர்

கிழக்கிலங்கையில் கண்ணகி வழிபாடு மிகப் பழமையானது. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்த காலத்தில் இலங்கை வேந்தன் கயவாகுவும் அங்கிருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் எனக் கரையோரக் கிராமங்கள் பலவற்றிலே கண்ணகை அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். இக்கோயில்களில் வைகாசி மாதமே பெருவிழாக் காலம். கதவு திறந்து, கல்யாணக் கால் நட்டு, நாள்தோறும் கண்ணகி வழக்குரையைப் பாடி, நிறைவிலே திருக்குளிர்த்தி ஆடுவர். மதுரையை எரித்த அம்மனின் கோபம் தணிந்து ஊரும் வயலும் குளிர வேண்டும் என்பதே குளிர்த்தியின் கருத்தாகும்.

வழக்குரை என்பது ஏட்டிலே கிடக்கும் கதையன்று. உடுக்கும் சிலம்பும் ஒலிக்க, ஊரார் சூழ்ந்திருந்து கேட்கும் பாட்டு. கோவலன் பிறந்ததும், கண்ணகியை மணந்ததும், பாண்டியன் சபையிலே கண்ணகி வழக்குரைத்ததும் அதில் வரும். சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கடலோடிய கதையும் அதில் உண்டு. அக்கதை சிலப்பதிகாரத்தில் இல்லாதது. கடலோடு வாழும் மக்களின் வாயில் வளர்ந்தது. காரைதீவில் பிறக்கும் குழந்தைக்கு எழுத்து அறிவதற்கு முன்னரே கண்ணகி கதை தெரிந்துவிடும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தில் சந்திக்கும் கண்ணகி, இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வீதியிலே இருக்கும் தாய்.

இதிலே இன்னுமொரு பொருத்தம் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுச் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டதும் 1892 ஆம் ஆண்டிலேதான். கண்ணகை அம்மன் சந்நிதியில் மயில்வாகனன் பிறந்த அதே ஆண்டில், பின்னாளில் அவர் வாழ்நாளையெல்லாம் கொள்ளை கொள்ளப் போகும் நூலும் தமிழ்நாட்டில் வெளிச்சத்துக்கு வந்தது.

கல்வியும் உத்தியோகமும்

காரைதீவில் குஞ்சுத்தம்பி ஆசிரியரிடம் மயில்வாகனன் தொடக்கக் கல்வி பயின்றார். புலோலியைச் சேர்ந்த வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழையும் வடமொழியையும் கற்றார். பின்னர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கல்வி தொடர்ந்தது. மிக்கேல் கல்லூரியை அந்நாளில் யேசு சபைக் குருமார் நடத்தி வந்தனர். அங்கேதான் கணிதமும் பௌதிகமும் அவர் மனத்தில் ஆழமாக ஊன்றின. 1908 ஆம் ஆண்டில், தமது பதினாறாவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தினார்.

ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்றபோது தென்கோவைப் பண்டிதர் கந்தையாபிள்ளையிடம் பழந்தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். 1916 ஆம் ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் அவரை வந்தடைந்தன. இலங்கையிலிருந்து அப்பண்டிதர் பரீட்சையில் தேறியவர்களில் அவரே முதல்வர். ஒரே ஆண்டில் விஞ்ஞானமும் பண்டிதத் தமிழும் ஒரு மனிதரிடத்தில் கூடியது அந்நாளில் அபூர்வமான காரியம். இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் யாழ் நூல் பிறந்திருக்காது.

1917 இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். கை நிறையச் சம்பளமும் ஊரார் மதிப்பும் வாய்த்த அந்த நிலையை 1922 இல் உதறிவிட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலே சேர்ந்தார். அங்கே பிரபோத சைதன்யர் என்ற பிரமசரிய நாமம் பெற்று, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய சஞ்சிகைகளின் ஆசிரியப் பணியில் ஈடுபட்டார். 1924 ஆம் ஆண்டு சுவாமி சிவானந்தரிடம் சந்நியாச தீட்சை பெற்று சுவாமி விபுலானந்தர் ஆனார்.

துறவியின் தொண்டு

துறவு பூண்டவர் காட்டுக்குப் போகவில்லை. பிறந்த நாட்டுக்குத் திரும்பினார். 1925 முதல் கிழக்கிலும் வடக்கிலும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்க்கும் பொறுப்பைத் தோளில் சுமந்தார். திருகோணமலை இந்துக் கல்லூரி, யாழ்ப்பாணம் வைத்தீசுவர வித்தியாலயம், காரைதீவு சாரதா வித்தியாலயம் முதலியன அவர் பணியால் பயன்பெற்றன. மட்டக்களப்பிலே கல்லடி உப்போடையில் 1929 ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகளும் தாய் தந்தையற்ற பிள்ளைகளும் தங்கிப் படிக்க வழி செய்தார்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். பகலில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்; மாலையில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரியிலே பிள்ளைகளுக்கு ஆசிரியர். 1933 இல் அப்பதவியை விட்டு மீண்டும் மிஷன் பணிக்கு வந்தார். சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1939 முதல் சில காலம் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரத என்னும் ஆங்கில சஞ்சிகையை நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இத்தனை ஊர்களும் இத்தனை பொறுப்புகளும் நடுவே வந்தன. எங்கே சென்றாலும் ஒரு கேள்வி மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் வைத்த கேள்வி

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி உண்டு. மாதவி அரங்கேறும்போது ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன் ஆகியோர் எப்படி அமைய வேண்டும் என்று இளங்கோவடிகள் அங்கே இலக்கணமாகவே சொல்லியிருக்கிறார். புலவர்களுக்கு இசைக்கணக்கு தெரியாது. இசைவாணர்களுக்குப் பழந்தமிழ் தெரியாது. ஆகையால் அந்தப் பகுதியைப் பலர் மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கடந்து சென்றனர். விபுலானந்தருக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. கண்ணகி கதையை வழிபாடாகக் கேட்ட ஊரிலே பிறந்தவருக்கு, அந்நூலின் ஒரு வரியும் பொருளின்றிக் கிடக்கலாகாது என்று தோன்றியதில் வியப்பில்லை.

முதலில் கூத்தின் பக்கம் திரும்பினார். மட்டக்களப்பு நாடு வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் நாடு. அறுவடை முடிந்தால் வட்டக்களரி கட்டி, விடிய விடிய மத்தளம் ஒலிக்கும் நாடு. அந்நாட்டவரான அடிகளார் 1924 ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நாடகம் பற்றிப் பேருரை நிகழ்த்தி, அதனை விரித்து 1926 இல் மதங்க சூளாமணி என்னும் நூலாக்கினார். அரங்கேற்று காதையில் சொல்லப்பட்ட நாடக இலக்கணத்தையும் ஆங்கிலக் கவி சேக்ஸ்பியரின் நாடகங்களையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்த நூல் அது.

அடுத்து யாழின் பக்கம் திரும்பினார். ஏறக்குறைய 14 ஆண்டுகள் அந்த ஆராய்ச்சி நீடித்தது. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பழைய நூல்கள் குறிப்பிடும் யாழ்களின் உருவம் எது, நரம்பு எத்தனை, அவற்றை எவ்வாறு சுருதி கூட்டினர் என்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

இங்கேதான் மிக்கேல் கல்லூரியில் கற்ற கணிதமும் பௌதிகமும் கைகொடுத்தன. ஒரு நரம்பைச் சரிபாதியாகக் குறைத்தால் குரல் என்னும் சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி பிறக்கும். இளி என்பது இன்று பஞ்சமம் எனப்படுவது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என மொத்தம் 22 அலகுகளைப் பழந்தமிழர் வகுத்திருந்தனர். இந்தக் கணக்கைக் கொண்டு செம்பாலை முதலான ஏழு பாலைகளும் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறக்கின்றன என்பதை அடிகளார் விளக்கினார். செம்பாலையே இன்றைய அரிகாம்போதி மேளம் என்று கண்டார்.

அத்துடன் நிற்கவில்லை. தேவாரவியல் என்று தனியோர் இயலே வகுத்துத் திருமுறைப் பண்களை ஆராய்ந்தார். திருஞானசம்பந்தப் பெருமானுடன் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தலந்தோறும் சென்று யாழ் வாசித்ததும், திருத்தருமபுரத்தில் பெருமான் பாடிய பதிகம் யாழில் அடங்காதபோது யாழை முறிக்கப் போனதும் சைவ மக்கள் அனைவரும் அறிந்த வரலாறு. ஆகவே யாழைத் தேடுவது அடிகளாருக்கு வெறும் பழம்பொருள் ஆராய்ச்சியன்று. தேவாரம் முதன்முதலில் எந்த இசையிலே ஒலித்ததோ அந்த இசையைத் தேடுவதே அது.

பாடும் வாவி

மட்டக்களப்புக்கு மீன்பாடும் தேனாடு என்று பெயர். பூரணை நிலவில், காற்று அடங்கிய வேளையில், கல்லடிப் பக்கமாக வாவியிலே தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் இறக்கி, அதன் மேல்நுனியில் காதை வைத்தால் நீருக்குள்ளிருந்து மெல்லிய இன்னொலி கேட்கும். யாழ் நரம்பை மெதுவாக மீட்டியது போன்ற ஒலி. மீனின் ஒலி என்பாரும் உண்டு. வாவியின் அடியில் வாழும் சிப்பி, ஊரியின் ஒலி என்பாரும் உண்டு. எதுவாயினும், நீருக்குள்ளே இசை இருக்கிறது என்று நம்பி, மூச்சை அடக்கிக் காது கொடுக்கப் பழகியவர்கள் மட்டக்களப்பு மக்கள். அடிகளார் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் அந்த வாவியின் அயலிலேயே அமைந்தது.

யாழ் நூல் கணக்கும் இலக்கணமும் நிறைந்த கடினமான நூல். அந்த நூலுக்குள்ளே நீரரமகளிரைப் பற்றி அடிகளார் ஓர் அழகிய பாடலைப் பாடி வைத்தார். நிலாக் காலத்து இரவில் புலவன் ஒருவன் தோணியேறி மட்டக்களப்பு வாவியில் செல்கிறான். எங்கும் அமைதி. நீருக்குள்ளிருந்து இசை எழுகிறது. நீரரமகளிர் தோன்றிப் பாடி ஆடுகின்றனர். இதுவே அப்பாடலின் பொருள். காவிரிக் கரையிலும் இமயத்திலும் கொழும்பிலும் இருந்து எழுதிய ஒருவர், இசை எங்கே பிறக்கிறது என்று சொல்ல வந்தபோது, தம் நாட்டு வாவிக்கே திரும்பி வந்தார்.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியும் இங்கே நினைக்கத் தக்கது. புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழ் கொண்டு பாடிய நெய்தல் நிலப் பாட்டு அது. கடலும் கழியும் மணலும் தாழையும் அதிலே வரும். நெய்தல் நிலத்திலே பிறந்தவருக்கு அந்தப் பாட்டு உரையாசிரியர் துணையின்றியே விளங்கியிருக்கும். மறைந்துபோன இசையைக் கேட்கப் பொறுமையும் கூர்மையும் உள்ள காது வேண்டும். அந்தக் காதை அவருக்குக் கொடுத்தது பாடும் வாவி. அந்தக் கதையைக் கொடுத்தது கண்ணகை அம்மன் கோயில்.

ஆனால் ஊர் மட்டுமே எல்லாவற்றையும் செய்தது என்று சொல்வது நியாயமாகாது. சாமிநாதையரின் பதிப்பு இல்லாவிட்டால் சிலப்பதிகாரம் கைக்கு வந்திராது. பிற சமயத்தவர் நடத்திய கல்லூரி இல்லாவிட்டால் கணிதம் வந்திராது. கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியாரின் ஆதரவும் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உதவியும் இல்லாவிட்டால் நூல் அச்சேறியிராது. விதை ஊருடையது, மழை பல திசைகளிலிருந்தும் பெய்தது.

அரங்கேற்றம்

1947 ஆம் ஆண்டு யூன் மாதம் 5 ஆந், 6 ஆந் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. திருஞானசம்பந்தர் ஆற்று வெள்ளத்திலே ஓடக்காரன் இல்லாத ஓடத்தில் ஏறிப் பதிகம் பாட, அந்த ஓடம் தானே மறுகரை சேர்ந்த தலம் அது. பாட்டினால் ஓடம் சென்ற தலத்திலே பாட்டின் நூல் அரங்கேறியது. அடிகளார் கண்ட முறைப்படி செய்யப்பட்ட யாழ்கள் அச்சபையிலே மீட்டப்பட்டன. பல நூற்றாண்டுகள் ஊமையாகக் கிடந்த கருவி இறைவன் சந்நிதியில் வாய் திறந்தது.

அது வைகாசி மாதம் என்பதும் எண்ணத் தக்கது. அங்கே நூல் அரங்கேறிய அதே மாதத்திலேதான், கடலுக்கு இப்பால் கிழக்கிலங்கைக் கிராமங்களில் கண்ணகை அம்மனின் கதவு திறந்து வழக்குரை பாடப்படும்.

அரங்கேற்றத்தின்போதே அடிகளாரின் உடல் நோயினால் பெரிதும் தளர்ந்திருந்தது. இலங்கைக்குத் திரும்பியவர் நெடுநாள் இருக்கவில்லை. 1947 யூலை 19 ஆந் திகதி கொழும்பில் சமாதியடைந்தார். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே இருந்தவை ஆறு வாரங்கள் மட்டுமே. எடுத்த காரியம் முடியும்வரை உயிரைத் தாங்கியிருந்தாரோ என்று அடியார்கள் மனமுருகினர். அவருடைய திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பட்டது.

அந்தச் சமாதியில் அவர் பாடிய ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று என்னும் பாடல் பொறிக்கப்பட்டுள்ளது. இறைவன் விரும்பும் மலர்கள் தோட்டத்திலே பூப்பவையல்ல என்பது அதன் கருத்து. உள்ளமாகிய தாமரை ஒன்று, கூப்பிய கைகளாகிய காந்தள் ஒன்று, இறைவனை நாடும் விழிகளாகிய நெய்தல் ஒன்று. மூன்றாவதாக அவர் வைத்த நெய்தல் அவர் பிறந்த நிலத்துக்குப் பெயர் தந்த பூ.

அவருடைய நினைவாக 1982 ஆம் ஆண்டு கல்லடியில் சுவாமி விபுலானந்த இசை நடனக் கல்லூரி தொடங்கப்பட்டது. அது பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து அழகியல் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை காரைதீவுக் கரையையும் கல்லடிக் கரையையும் அடித்துச் சென்றது. உயிர்களும் உடைமைகளும் போயின. ஆயினும் அம்மன் பாடல் நிற்கவில்லை. வைகாசியில் குளிர்த்தி தொடர்ந்தது.

அடிகளாரின் வாழ்க்கை ஆலய அடியார்களுக்கு உணர்த்தும் செய்தி ஒன்று உண்டு. காரைதீவுக் கோயிலில் வழக்குரை பாடியவர்கள் பட்டம் பெற்ற வித்துவான்கள் அல்லர். தமது பாட்டைக் கேட்கும் சிறுவர்களில் ஒருவர் யாழ் நூல் எழுதுவார் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். தந்தை பாடியதைத் தாமும் பாடினார்கள், அவ்வளவுதான். அவர்கள் ஒரு தலைமுறை சோம்பியிருந்தால், அந்த வீதியிலே விதை விழுந்திராது.

ஆகவே ஒவ்வொரு கிராமக் கோயிலிலும் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக்கு ஓய்வு கொடுத்து, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் காவியம் பாடச் சொல்வதும், பிள்ளைகளை முன்வரிசையில் இருத்திக் கேட்கச் செய்வதும், பஞ்சபுராணத்தைப் பண்ணோடு பாடப் பழக்குவதும், ஏட்டிலும் கொப்பியிலும் கிடக்கும் ஊர்ப் பாடல்களைக் கறையான் அரிக்குமுன் படியெடுத்து வைப்பதும் சிறிய காரியங்கள் அல்ல. கேட்கும் பிள்ளைகளுள் நாளைய விபுலானந்தர் யார் என்பது அம்பாளுக்கே தெரியும். பாடவேண்டிய கடமை மட்டுமே ஊருக்கு உரியது.

அன்னையின் திருவருளால் அந்தப் பாட்டு இடையறாது ஒலிப்பதாக.